பாடகர் பீட்டர் கேப்ரியல் ஏன் ஜெனிசிஸ் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவை விட்டுப் போனார்?

சண்டை போட்டுக்கொண்டு போனார் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அது பாதிக் கதைதான். 1974-இல் குழு ஓர் இரட்டை ஆல்பம் (இரண்டு இசைத்தட்டுகள் கொண்டது) செய்துகொண்டிருந்தது, பாடல் வரிகள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தானே எழுதுவேன் என்று கேப்ரியல் பிடிவாதமாக இருந்தார். நடுவில் 'தி எக்ஸார்சிஸ்ட்' என்ற திகில் படத்தை எடுத்த இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் ஒரு படத்துக்கு யோசனை தர அழைக்க, கேப்ரியல் ஆல்பம் வேலையைப் பாதியில் விட்டுப் போனார், அப்புறம் திரும்பி வந்தார். மற்றவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

ஆனால் என் பார்வையில் முக்கியக் காரணம் வீடுதான். அந்த வருடம் பிறந்த அவருடைய முதல் குழந்தை ஆரம்பத்தில் பிழைக்குமா என்றே தெரியாத நிலை, அந்த நேரத்தில்கூட குழுவுக்கு ஆல்பம்தான் பெரிதாக இருந்தது என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம் தொடங்கிய சில நாட்களிலேயே விலகப் போவதாகச் சொல்லிவிட்டார், ஆனாலும் 1975 மே வரை எல்லா நிகழ்ச்சியும் பாடிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

குழு முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸ் பாட ஆரம்பித்தார், 1976-இல் வந்த ஆல்பம் முந்தையதைவிட நன்றாகவே விற்றது! கேப்ரியலும் 1977-இல் முதல் தனி ஆல்பம் போட்டார். அதில் உள்ள 'சால்ஸ்பரி ஹில்' இந்த விலகலைப் பற்றியதுதான், ஏழு தட்டுத் தாளத்தில் போகிற பாட்டு, கேட்டுப் பாருங்கள்.

பகை நீடிக்கவில்லை. 1982-இல் அவர் தொடங்கிய வோமாட் என்ற உலக இசை விழா பெரும் கடனில் மூழ்கியபோது, ஜெனிசிஸின் பழைய நண்பர்கள் ஒரு நிகழ்ச்சிக்காக அவரோடு ஒன்றுசேர்ந்து வாசித்துப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.