சின்ன ஜெட் படகில் பெருங்கடல் தாண்டலாமா? மலையக நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

எனக்கு ஊர் தலவாக்கலை. சில வருடங்கள் அமெரிக்காவின் புளோரிடாவில் படகு திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். அங்கே கோடை வந்தால் சின்ன ஜெட் படகு வைத்திருப்பவர்கள் கூட்டமாகச் சேர்ந்து, கடலைத் தாண்டி பஹாமாஸின் பிமினித் தீவுக்குப் போவார்கள். மெக்கானிக் ஒருவன் கூட இருந்தால் நல்லது என்று என்னையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது இந்தக் கதையைச் சொல்லப்போய், அன்று முதல் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, ஜெட் படகு என்றால் கிரகரி வாவியில் ஓடுகிற ஜெட் ஸ்கீயா?

ஒரே குடும்பம்தான் தம்பி. ஜெட் ஸ்கீயில் மோட்டார் சைக்கிள் மாதிரி கால் போட்டு உட்காருவோம். நான் சொல்வது 19 முதல் 24 அடி வரை நீளமுள்ள திறந்த படகு. ஆறு, எட்டுப் பேர் ஏறலாம். இரண்டிலும் வெளியே சுழலும் காற்றாடி கிடையாது. படகின் அடியில் கம்பித்தட்டு போட்ட ஒரு வாய் இருக்கும். அது தண்ணீரை உறிஞ்சும், உள்ளே இம்பெல்லர் என்ற சுழல்விசிறி அதைச் சுழற்றித் தள்ளும், பின்னால் நொசில் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த உதைப்பில்தான் படகு போகிறது. நொசிலைத் திருப்பினால் படகு திரும்பும்.

இதை ஓடும் படகாக்கிக் காட்டியவர் நியூசிலாந்தின் பில் ஹமில்டன், 1950களில். எதற்காக? கல்லும் மணலும் நிறைந்த, முழங்கால் ஆழ ஆறுகளில் ஓட்டுவதற்காக. பெருங்கடலுக்காக அல்ல. மற்றக் கேள்விகள் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து ஒருவர்: நான் கிரகரி வாவியில் நன்றாக ஓட்டுவேன். கடலிலும் அதே ஓட்டம்தானே?

இல்லை. முதலில் இஞ்சினைப் பார்ப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ, சுப்பர்சார்ஜர் இல்லாத இஞ்சின் அதே அளவுக்குச் சக்தி இழக்கும். வாவியில் சாதுவாக இருந்த வண்டி கரையோரத்துக்குப் போனால் ஒரு உதறு உதறும். கை அதற்குப் பழக வேண்டும்.

அதைவிட முக்கியமானது ஸ்டியரிங். ஜெட்டில் தண்ணீர் பீய்ச்சினால்தான் திருப்பம் வேலை செய்யும். பயந்துபோய் திரொட்டிலை, அதாவது வேகம் கூட்டும் பிடியை, முழுக்க விட்டால் ஸ்டியரிங்கும் செத்துவிடும், படகு போன திசையிலேயே போகும். புதிய படகுகளில் அடியில் சின்னச் செட்டைகள் வைத்து இதை ஓரளவு சமாளிக்கிறார்கள், முழுதாக இல்லை. கடலில் பின்னாலிருந்து அலை தூக்கும்போது இது உயிர்ப் பிரச்சினை. படகு அலையின் முதுகில் சறுக்கி இறங்குகிறது, ஓட்டுபவர் பதறித் திரொட்டிலை விடுகிறார், மூக்கு முன்னலையில் குத்துகிறது, பின்பக்கம் பக்கவாட்டில் இழுபடுகிறது. முன்பக்கம் திறந்த படகு என்றால் ஒரே அலையில் நூற்றுக்கணக்கான லீட்டர் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால் அலைக்குள் திரொட்டிலைக் குறைக்கலாம், கூட்டலாம், விட்டுவிடக் கூடாது. இதை வாவியில் பழக முடியாது.

பண்டாரவளையிலிருந்து ஒரு ஆசிரியை: அப்படியானால் அந்தக் கடல் எவ்வளவு தூரம்? இதில் போகத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை அக்கா. பெரிய படகு இருந்தால் அதில் போவதுதான் புத்தி. இவர்கள் வீட்டு வாசலில் ட்ரெய்லரில் நிற்பது இதுதான், கையில் இருப்பதைக் கொண்டு போகிறார்கள்.

மயாமியிலிருந்து பிமினி சுமார் 80 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து கினிகத்தேனை தாண்டிப் போகும் தூரம்கூட வராது. ஆனால் நடுவில் வளைகுடா நீரோட்டம் ஓடுகிறது. கடலுக்குள் தெற்கிலிருந்து வடக்கே போகும் ஒரு பேராறு அது. மணிக்கு 3 கடல்மைல் (ஒரு கடல்மைல் சுமார் 1.85 கிலோமீற்றர்) அளவில் இழுக்கும், சில இடங்களில் அதற்கும் மேல். மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் நேர் கிழக்கே மூக்கை வைத்துப் போனால், இரண்டேகால் மணி நேரத்தில் ஆறேழு கடல்மைல் வடக்கே தள்ளப்பட்டிருப்பீர்கள். பிமினி சின்னத் தீவு, உயரமும் இல்லை. தவறவிட்டால் கண்ணுக்கே தெரியாது. ஆகவே ஆரம்பத்திலிருந்தே மூக்கைக் கொஞ்சம் தென்கிழக்கே பிடித்துப் போக வேண்டும். ஜிபிஎஸ் இதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அது நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்காகத் திசைகாட்டிப் பாகையை ஒரு துண்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். ஒட்டாத படகைக் கூட்டத்தில் சேர்க்க மாட்டார்கள்.

நீரோட்டம் இழுப்பதைவிட, காற்று அதற்கு எதிரே அடிப்பதுதான் பெரிய வில்லங்கம். வடக்கேயிருந்து காற்று வந்தால் வடக்கே ஓடும் தண்ணீரோடு மோதி, அலைகள் செங்குத்தாக, நெருக்கமாக எழும்பும். வடகிழக்கோ வடமேற்கோ, பெயரில் 'வட' இருந்தால் அன்றைக்குப் பயணம் இல்லை. கிழக்கு, தென்கிழக்குக் காற்று மணிக்கு 10 கடல்மைலுக்குள் இருந்தால் போகலாம். குளிர்காலத்தில் குளிர்முகப்பு, அதாவது முன்னேறி வரும் குளிர்க்காற்றின் விளிம்பு, வந்தபடி இருக்கும், அதன் பின்னாலேயே வாடை அடிக்கும். கோடையில் காலைக்கடல் கண்ணாடி, பிற்பகலில் இடிமழை. அதனால் விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. சூரியன் மேலே ஏறி நல்ல வெளிச்சம் உள்ள நேரத்தில் தீவை நெருங்கினால், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எது ஆழம், எது மணல்திட்டு என்று சொல்லலாம்.

முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். இரண்டு அலைகளுக்கு இடையில் எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். மூன்றடி அலை ஒன்பது விநாடிக்கு ஒருமுறை வந்தால் தொட்டில் ஆட்டம். அதே மூன்றடி மூன்று விநாடிக்கு ஒருமுறை வந்தால் இடுப்பு எலும்பு பேசும்.

ஹட்டனிலிருந்து லொறி வைத்திருக்கும் அண்ணன்: பெற்றோல் எவ்வளவு வேண்டும்?

அண்ணே, இது உங்கள் கேள்விதான்! ஜெட் பம்ப் நன்றாகக் குடிக்கும். கொம்பனி சொல்லும் கணக்கு அமைதியான தண்ணீரில் எடுத்தது. அலையில் பம்ப் அடிக்கடி தண்ணீரோடு காற்றையும் உறிஞ்சும். அந்த நொடியில் இஞ்சின் வீணாகக் கத்தும், படகு நகராது. அங்கே எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு மூன்றில் ஒன்று: ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கை வைக்காமல். உங்கள் படகின் உண்மையான செலவை அறிய, தாங்கியை நிரப்பி, ஆட்களும் சாமானும் ஏற்றி, கொஞ்சம் அலையுள்ள நாளில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி நிரப்பிப் பாருங்கள்.

பெற்றோல் இஞ்சின் மூடிய அறைக்குள் இருப்பதால் ஆவி தங்கும். ஸ்டார்ட் பண்ண முன் காற்றிழுக்கும் புளோவரை 4 நிமிடம் ஓடவிட வேண்டும் என்று படகிலேயே எழுதி ஒட்டியிருக்கும். அதன்பிறகும் மூடியைத் திறந்து மூக்கால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பொகவந்தலாவையிலிருந்து ஒருவர்: கூட்டமாகப் போவதால் என்ன பயன்? பத்துப் படகு போனால் பத்துத் தலைவலி அல்லவா?

தலைவலிதான். ஆனால் தனியாக ஒரு ஜெட் படகு அந்தக் கடலில் போவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன். இஞ்சின் நின்றால் மறு நிமிடத்திலிருந்து வடக்கே மிதக்க ஆரம்பிப்பீர்கள்.

பாதை தெரிந்தவர் முன்னால். கருவியும் கயிறும் உள்ள பலமான படகு கடைசியில். மற்றவை இரண்டிரண்டாகச் சோடி. உன் சோடியைக் கண்ணால் பார்த்துக்கொள்வது மட்டும்தான் உன் வேலை. எல்லோரும் எல்லோரையும் பார்ப்பது என்று வைத்தால் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். வேகம் கூட்டத்திலேயே மெதுவான படகின் வேகம். இதில்தான் சண்டை வரும், பெரிய இஞ்சின் வைத்திருப்பவருக்குப் பொறுமை இருக்காது. அப்படிப்பட்டவரைக் கடைசிப் படகில் போட்டால் சரியாகிவிடும்.

ஒரு படகின் வால் நுரைக்குள் நேராகப் பின்தொடரக் கூடாது. நுரைத் தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் பின்னால் வரும் ஜெட்டுக்குப் பிடி கிடைக்காது. கொஞ்சம் பக்கம் தள்ளித்தான் வர வேண்டும்.

படகு நின்றுவிட்டால் கட்டி இழுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணமாக இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைத் தள்ளுவதே அந்தப் பம்ப்தான். நின்ற படகை வேகமாக இழுத்தால் தண்ணீர் தானாக அந்தக் குழாயில் ஏறும். இஞ்சின் ஓடாததால் வெளியே தள்ள ஆளில்லை, புகைபோக்கி வழியாக சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். மணிக்கு 8 கிலோமீற்றருக்குள் இழுத்தால் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் என்றால் குளிர்நீர்க் குழாயைக் கிளிப் போட்டு நெரித்துவிட வேண்டும், மறுபடி ஸ்டார்ட் பண்ண முன் கழற்றவும் வேண்டும். கடைசிப் படகின் பெட்டியில் அந்தக் கிளிப் இருக்கிறதா என்று புறப்பட முன்பே பார்ப்பேன்.

போவதா, நிற்பதா என்று அன்று காலை வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். வேண்டாம் என்று ஒரு படகுக்காரர் சொன்னால் அவரும் அவர் சோடியும் நிற்கட்டும், காரணம் கேட்டு வெட்கப்படுத்தாமல்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: பாசி சிக்கினால்? மவுசாக்கலையில் பயிற்சி எடுக்கலாமா?

அந்தப் பக்கம் சர்காசம் என்ற மஞ்சள் பாசி பாய் விரித்தது மாதிரி மிதந்து வரும். கம்பித்தட்டில் அடைத்தால் இஞ்சின் சத்தம் கூடும், வேகம் குறையும், படகு நடுங்கும். முதலில் ரிவர்ஸில் தள்ளிப் பார்க்கலாம், சில வேளை விழுந்துவிடும். சில படகுகளில் பின்பக்கத்திலிருந்தே கை விட்டு எடுக்க மூடி வைத்த வழி உண்டு. எப்படியானாலும் இஞ்சினை நிறுத்தி, கில் சுவிட்ச் கயிற்றை (கழன்றால் இஞ்சின் நின்றுவிடும் கயிறு) கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்ட பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். ஓடும்போது அந்தக் கயிறு ஓட்டுபவர் உடம்போடு இருக்க வேண்டும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அது சட்டம்.

மவுசாக்கலைக்கு அணைக்கட்டுக்குப் பொறுப்பானவர்களின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நான் இறக்க மாட்டேன். தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வற்றாத நாளிலும் அந்தக் கல்லும் சுவரும் அடியில்தான் இருக்கின்றன. ஹமில்டனின் ஆற்றுப் படகு வேறு, நம் வகைப் படகில் மூன்றடிக்குக் குறைந்த தண்ணீரில் ஜெட்டை முறுக்கினால் கல்லும் மணலும் உறிஞ்சி இம்பெல்லரைத் தின்றுவிடும்.

நானுஓயாவிலிருந்து: போனில் சிக்னல் இருக்குமா?

கரையிலிருந்து கொஞ்சத் தூரம்தான். அப்புறம் படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ. 16ஆம் அலைவரிசை ஆபத்துக்கும் அழைப்புக்கும் மட்டும், கூட்டத்தின் அரட்டைக்கு வேறு அலைவரிசை. கையடக்க ரேடியோ சில மைல்கள்தான் எட்டும், படகில் பொருத்தியது அதைவிட நன்றாக எட்டும். இரண்டும் வேண்டும். செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹேர்ட்ஸ் பீக்கன் படகில் கிடக்காமல் உயிர்காப்பு அங்கியிலேயே கட்டியிருக்கட்டும். கடலில் விழுபவர் படகையும் தூக்கிக்கொண்டு விழுவதில்லை.

பதுளையிலிருந்து: எனக்கு பஸ்ஸிலேயே வாந்தி வரும்.

வளைவில் வாந்தி எடுக்காத மலையகத்தான் யார்? மாத்திரையைக் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன் போடுங்கள், தூக்கம் தராத வகையா என்று மருந்துக் கடையில் கேட்டு. வெறும் வயிறும் வேண்டாம், மூக்குமுட்டவும் வேண்டாம். பின்பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

கொழும்பில் வேலை செய்யும் ராகலைக்காரர்: இதே மாதிரி தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் போக முடியாதா? 30 கிலோமீற்றர்தானே!

தனுஷ்கோடி வரை தூரம் அவ்வளவுதான். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்குநீரிணையை நீந்தியே போய்த் திரும்பியவர். தூரம் பிரச்சினையே இல்லை. 1974, 1976 ஒப்பந்தங்களால் நடுவே எல்லைக்கோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் கடற்படை. குடிவரவு, சுங்க அனுமதி இல்லாமல் ஒரு படகுக் கூட்டம் அந்தக் கோட்டை நெருங்கினால் மீனவர்கள் படும் பாடு உங்களுக்கும்தான். பிமினிக்குப் போகிறவர்களும் கடவுச்சீட்டோடு போய், இன்னும் அனுமதி பெறவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடி ஏற்றி, சுங்கத்தில் பதிந்த பிறகுதான் காலாற நடக்கிறார்கள். ராமர் பாலத்துப் பக்கம் தண்ணீர் ஆழமும் இல்லை. ஜெட்டுக்கு நல்லதுதானே என்று நினைக்காதீர்கள், மணல் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

கடல் பழக ஆசை என்றால் இலங்கைக் கரையோரமே போதும். சோளகம் வீசி ஹட்டன் பக்கம் மழை கொட்டும் மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலை, பாசிக்குடா பக்கம் கடல் அமைதி. டிசம்பரிலிருந்து மார்ச் வரை தெற்கும் மேற்கும். உங்கள் தோட்டத்தில் எந்தப் பக்கத்து மழை என்று பார்த்து எதிர்ப்பக்கக் கடலுக்குப் போங்கள், பெரும்பாலும் சரியாக வரும். படகு வாடகைக்குத் தருபவரையும் உள்ளூர் மீனவரையும் கேட்காமல் இறங்க வேண்டாம்.

மறுபடியும் அந்தக் கொட்டகலைத் தம்பி: கடலில் ஓட்டிய ஜெட் ஸ்கீயை எப்படிக் கழுவுவது அண்ணே?

உப்பு காய முன், அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டு. ஒழுங்கு முக்கியம். குழாயை மாட்டு, முதலில் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணு, உடனே தண்ணீரைத் திற. முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடு, இஞ்சினை இரண்டு மூன்று தரம் லேசாக முறுக்கித் தங்கிய தண்ணீரை வெளியே துப்ப விட்டு, அப்புறம் நிறுத்து. மாற்றிச் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். எத்தனை நிமிடம் ஓட விடலாம் என்பது வண்டிக்கு வண்டி வேறு, அதற்கு வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்.