ஹாலண்ட்: துணியும் குடும்பப்பெயரும்

அன்புள்ள ஐயா,

நான் மொழிபெயர்க்கும் ஆங்கில நாவலில் நாற்காலிகளை ‘பிரவுன் ஹாலண்ட்’ கொண்டு மூடி வைக்கிறார்கள். என்னோடு பணிபுரியும் ஆங்கிலேயரின் குடும்பப்பெயரும் ஹாலண்ட். அவருடைய முன்னோர் இத்துணியை நெய்தவர்களா? 1741இல் எங்கள் ஊரில் தோற்ற டச்சுக்காரர்களோடு இத்துணி இங்கே வந்திருக்குமா?

ச., குளச்சல்

அன்புள்ள ச.,

‘பிரவுன் ஹாலண்ட்’ என்பது வெளுக்காத லினன் துணி, அப்படியே எழுதிவிடுங்கள். குளச்சல் போரை விட்டுவிடுங்கள். எதைப் பேசத் தொடங்கினாலும் அங்கே கொண்டுபோய் முடிப்பது நம் மாவட்டத்தில் ஒரு நோயாகவே ஆகிவிட்டது.

ஒலி ஒன்றாக இருந்தால் உறவும் இருக்கும் என்று நம்புவது மொழிபெயர்ப்பாளருக்கு ஆகாத சோம்பல். லங்காஷயரில் அப்ஹாலண்ட் என்ற ஊரும் லிங்கன்ஷயரில் ஹாலண்ட் என்ற வட்டாரமும் உண்டு. ஆங்கிலேயரின் அக்குடும்பப்பெயர் பெரும்பாலும் இத்தகைய உள்நாட்டு இடங்களிலிருந்து வந்தது. துணிக்கு வாய்த்ததோ டச்சு மாகாணத்தின் பெயர்.

அந்தப் பெயரும் நெய்தவனுக்கு நியாயம் செய்யவில்லை என்பதுதான் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. சைலீசியா போன்ற தொலைவிடங்களில் நெய்த லினனையும் ஹாலண்ட் மாகாணத்தின் ஹார்லெம் நகருக்குக் கொண்டுவந்து, மோரில் ஊறவைத்து, புல்வெளியில் விரித்து வெளுத்து, ஹாலண்ட் என்று விற்றார்கள். நெய்தவனின் ஊர் அந்த வெளுப்பிலேயே போய்விட்டது. பிறகு வெளுக்காத துணிக்கும் அதே பெயரை ஒட்டியதுதான் வேடிக்கை. கோழிக்கோட்டில் கப்பலேறிய பருத்தித் துணி காலிகோ ஆனதும் இவ்வகைதான்.

இதற்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் காலத்தில், நாகர்கோவில், திருநெல்வேலிப் பகுதிகளின் சாலியர் என்ற நெசவாளர் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய ஊர் பாலராமபுரம். அரசரின் பெயர் ஊருக்கு வந்தது, ஊரின் பெயர் துணிக்கு வந்தது, தறியோடு போனவர்களின் பெயர் துணிக்கு வரவில்லை. வடசேரியில் எங்கள் தெருவிலிருந்த தறிக்காரத் தாத்தா, கல்யாணத்துக்குப் பாலராமபுரம் நேரியல் எடுத்து வந்தோம் என்று யாராவது பெருமையடித்தால், “நம்ம ஆளு நெஞ்சதைத்தான் அங்க போய் வாங்கிட்டு வாறியளா?” என்று எரிந்து விழுவார். சிறுவனாக இருந்தபோது அதைக் கிழவரின் பொறாமை என்று நினைத்தேன்; இன்று அவர் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

நாற்காலி உறையைக்கூட விடாமல் கேட்கும் உங்கள் கவனம் எனக்குப் பிடித்திருக்கிறது. நண்பரிடம் அவர் குடும்பத்தின் பூர்வீக ஊரை விசாரியுங்கள். துணியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.