அண்ணாச்சி, வயலை ஒத்திக்கு விடாதீர்கள்

அண்ணாச்சி, செவ்வாய்க்கிழமை நீங்கள் மூன்று பேரும் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. "கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லா நடக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது ஆலோசனை இல்லை, சும்மா ஆறுதல். சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் மகளுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சிவில் இன்ஜினியரிங். நான்கு வருடத்துக்கு ஒன்பது லட்சம். அதற்குப் பிசான நெல் விளைகிற வயலை ஒத்திக்கு விடப்போகிறீர்கள். காரணம் கேட்டால், துபாயில் இருக்கும் மச்சினர் "சிவில் முடிச்சா நான் கூப்பிட்டுக்கிடுதேன்" என்றாராம். சொந்தக்காரர்கள் எல்லாரும் "சிமெண்ட் கடைக்காரர் மவ சிவில் படிக்காம வேற என்ன படிப்பா" என்று கேக்காவளாம். கேட்கட்டும். கட்டப்போவது அவர்கள் பணமா?

அன்றைக்கு நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து உங்கள் கடை வியாபாரத்தை வாரவாரம் எழுதி வைத்திருக்கிறாள். அதோடு நிற்கவில்லை. எந்தத் தெருவில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள், யார் வீட்டில் வாசக்கால் வைத்தார்கள், அதிலிருந்து எத்தனை வாரம் கழித்து அந்த வீட்டுக்காரர் தளம் போடக் கம்பிக்கு வந்தார் என்று கணக்குப் பார்த்திருக்கிறாள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வாசக்கால் வைப்பதில்லை, அதனால் அடுத்து எந்த மாதம் கம்பி விற்பனை படுக்கும், பிசான அறுவடைப் பணம் வந்தபிறகு எப்போது எழும் என்று முன்கூட்டியே எழுதிப் பிறகு சரிபார்த்திருக்கிறாள். தப்பான இடத்தில் சிவப்பு மையில் சுழித்திருக்கிறாள். எனக்கு அந்தச் சுழிதான் பிடித்தது.

இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அண்ணாச்சி. ஐரோப்பாவில் யூரோகன்ஸ்ட்ரக்ட் என்று ஒரு கூட்டமைப்பு 1970-களின் நடுவிலிருந்து நடக்கிறது. 19 நாடுகளின் ஆய்வு நிறுவனங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஜெர்மனிக்கு மியூனிக்கிலுள்ள இஃபோ, ஆஸ்திரியாவுக்கு வியன்னாவின் விஃபோ என்று ஒவ்வொரு நாட்டையும் அந்த ஊர்க்காரர்களே கணிப்பார்கள். வருடத்துக்கு இரண்டு முறை கூடி, வரும் ஆண்டுகளில் எந்த நாட்டில் எவ்வளவு கட்டுமானம் நடக்கும் என்று ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள்.

ஏன் கூட வேண்டும்? ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது. ஓரிடத்தில் அனுமதி வாங்கிய நாளில் வீட்டைக் கணக்கில் சேர்ப்பார்கள், இன்னோரிடத்தில் கட்டி முடித்தபிறகு. பழைய வீட்டைப் புதுப்பிப்பதைச் சிலர் தனியாக எழுதுவார்கள், சிலர் எழுதவே மாட்டார்கள். அதனால் முதலில் தலைப்புகளை ஒன்றாக்குகிறார்கள்: வீடு, மற்ற கட்டடங்கள், பாலம் சாலை போன்ற பொதுப்பணி. ஒவ்வொன்றிலும் புதியது தனி, புதுப்பிப்பு தனி. விலையேற்றம் கணக்கைக் குழப்பாமலிருக்க ஒரே ஆண்டின் விலைக்கு எல்லாவற்றையும் மாற்றுவார்கள். அப்புறம்தான் வட்டி, மக்கள்தொகை, அரசு நிதிநிலை, கட்டட அனுமதி எல்லாம் வைத்து வாதம் நடக்கும். சிமெண்ட், லிஃப்ட், ஓடு தயாரிக்கிறவர்கள் இந்த அறிக்கையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், புதிய ஆலையை எங்கே போடுவது என்று பார்க்க. ஆசியாவிலும் ஜப்பான் முன்கை எடுத்து 1990-களில் ஆசியா கன்ஸ்ட்ரக்ட் என்று ஒன்று தொடங்கினார்கள். இந்தியாவிலிருந்தும் அதற்கு அறிக்கை போயிருக்கிறது.

கணிப்பு தப்பாதா என்றால், பலமாகத் தப்பும். ஸ்பெயினில் 2006ல் 7 லட்சத்துக்கும் மேல் வீடுகள் தொடங்கினார்கள். 2013ல் அனுமதி வாங்கியவை ஐம்பதாயிரத்துக்கும் கீழே. அந்தப் பள்ளம் இவ்வளவு ஆழமாக இருக்கும் என்று பலரும் நினைக்கவில்லை. உங்கள் மச்சினரைக் கேளுங்கள், 2009 நவம்பரில் துபாய் அரசின் துபாய் வேர்ல்ட் நிறுவனம் கடனுக்குத் தவணை கேட்டது அவருக்கு ஞாபகம் இருக்கும். சிவில் முடித்துக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறவர், நாலு வருடம் கழித்து அங்கே வேலை எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டுமா, இல்லையா?

சரி, வழி. இளநிலையில் கணிதம் படிக்கட்டும். பாளையங்கோட்டையிலேயே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். கூடவே பொருளாதாரம் தானாகப் படிக்க வேண்டும், அதற்கு நான் புத்தகம் தருகிறேன். அடுத்து முதுநிலை புள்ளியியல். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே துறை இருக்கிறது. நன்றாக வந்தால் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். அங்கே கணக்கும் பொருளாதாரமும் சேர்ந்த முதுநிலைப் படிப்பு உண்டு. முதுநிலை புள்ளியியல் முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் எழுதலாம்.

ஒன்றை மறைக்கவில்லை. முதல் வேலைக்குக் 'கட்டுமானக் கணிப்பாளர்' என்று பெயர் இருக்காது. சிமெண்ட் கம்பெனியிலோ, கடன் தர மதிப்பீட்டு நிறுவனத்திலோ, வங்கி ஆய்வுப் பிரிவிலோ எண்களைத் துடைத்துச் சுத்தம் செய்கிற வேலையாக இருக்கும். சம்பளமும் முதலில் சுமார்தான். ஐந்து வருடப் படிப்பு வேண்டும். ஆனால் அந்த ஐந்து வருடமும் சேர்த்து, நீங்கள் சொன்ன ஒன்பது லட்சத்தைத் தொடாது. வயலும் கையில் இருக்கும்.

சிவில் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. வரைபடம் பார்த்தால் கண் விரிகிற பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. இவளுக்குக் கணிதத்தில் 94, இயற்பியலில் 61. "உனக்கு வீடு கட்டப் பிடிக்குமா" என்று கேட்டேன். "எத்தனை பேர் கட்டுவாங்கன்னு பாக்கத்தான் பிடிக்கும்" என்றாள். இதற்கு மேல் என்னிடம் என்ன கேட்கிறீர்கள்?

அந்தக் கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னீர்கள். ரசீது இருந்தால், சேர்க்கையின் கடைசித் தேதிக்குள் விலகல் கடிதம் எழுத்தில் கொடுங்கள். இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கிற ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களையும் அவர்கள் வைத்துக்கொள்ள முடியாது. ரசீது இல்லாமல் கொடுத்திருந்தால் அந்தப் பணம் வருவது கஷ்டம், அதற்காக மீதியையும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். திங்கட்கிழமை கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வாருங்கள், கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.