அனல்மின் நிலையக் கட்டுமான மேலாளர் பணி: கேள்வி பதில்

நிலக்கரி அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

சிவில் படித்தவர் இந்தப் பொறுப்புக்கு வர முடியுமா?

முடியும். ஆனால் அடித்தளமும் கட்டடமும் எழுந்த பிறகு, வேலையின் வேகத்தைக் கொதிகலனும் டர்பைனுமே முடிவு செய்கின்றன. கொதிகலன் குழாய்களின் பல்லாயிரம் பற்றவைப்பு இணைப்புகள் முடிந்து, வடிவமைப்பு அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் நீரழுத்தச் சோதனை நடக்கும். அதன்பின் முதல் தீமூட்டலும், குழாய்களில் தங்கிய துகள்களை நீராவியால் ஊதி வெளியேற்றும் பணியும் வரும். நீராவி வரும் வழியில் வைத்த பளபளப்பான தகட்டில் எத்தனை பள்ளங்கள் விழுந்தன என்று எண்ணித்தான் குழாய் தூய்மையானதா என அறிகிறோம். இவற்றைக் களத்தில் நின்று கற்காத சிவில் பொறியாளர் பாதி நிலையத்தையே நிர்வகிப்பார். சோதனை முடிவைக் கண்ணால் காணாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊதியம் எவ்வளவு?

நிறுவனம், அனுபவம், தளம் ஆகியவற்றைப் பொறுத்தது.

அணுமின் நிலையத்தில் இதே பணி எப்படி இருக்கும்?

அது என் துறைக்கு வெளியே உள்ளது. கூடங்குளத்தில் பணியாற்றியவர்களிடம் கேளுங்கள்.

வளைகுடாவில் ஊதியம் எவ்வளவு?

ஊதியம் பற்றி மேலே கூறியதே இதற்கும் பொருந்தும். வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

கியூப் சோதனை (கான்கிரீட் கட்டியை அழுத்தி உடைத்து அதன் வலிமையை அளப்பது) வெறும் சடங்கு என்று எங்கள் ஒப்பந்ததாரர் சொல்கிறார். காலக்கெடு நெருங்குகையில் காத்திருக்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் காத்திருக்க வேண்டும். 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வில்லோ ஐலண்டில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரத்தில் 51 தொழிலாளர்கள் இறந்தனர். அவர்கள் நின்றிருந்த சாரம் கோபுரத்தின் சுவரிலேயே பிணைக்கப்பட்டிருந்தது. முந்தைய நாள் ஊற்றிய கான்கிரீட் அந்தச் சுமையைத் தாங்கும் வலிமையை இன்னும் பெற்றிருக்கவில்லை.

அது குளிர் நாடு. நம் வெயிலில் கான்கிரீட் விரைவாக இறுகிவிடுமே? 28 நாள் காத்திருந்தால் எந்தக் கோபுரமும் எழாது.

28 நாள் காத்திருக்கச் சொல்லவில்லை. 28 நாள் வலிமை கான்கிரீட்டின் தரத்தை ஏற்பதற்கான அளவுகோல். அடுத்த சுமையை இப்போது ஏற்றலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஆய்வகத் தொட்டியில் ஊறிய கியூப் போதாது. சுவரோடு சேர்ந்து அதே வெயிலையும் மழையையும் இரவையும் பார்த்த கியூப் வேண்டும். ஒரு பருவமழைக் காலத்தில் அந்த முடிவு வராததால் புகைபோக்கி வேலையை ஒரு நாள் நிறுத்தினேன். கடும் கண்டனம் வந்தது. மறுநாள் முடிவு சரியாகவே வந்தது. ஆயினும் அந்த நாளை வீணென்று நான் எண்ணியதில்லை.

தாமதத்துக்கான அபராதத்தை யார் கட்டுவது?

ஒப்பந்தத்தில் எழுதியபடி கட்ட வேண்டியவர் கட்டட்டும். நிறுத்திய நேரம், காரணம், வராத சோதனை முடிவு ஆகியவற்றை அன்றே தளப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். முடிவைக் காணாமல் கையெழுத்திடாதீர்கள்.

வெல்டர் கிடைக்கவில்லை. சான்று இல்லாத, ஆனால் கைத்திறன் உள்ளவரைக் கொதிகலன் குழாயில் பயன்படுத்தலாமா?

கூடாது. இந்தியக் கொதிகலன் விதிமுறைகள், 1950 தகுதிச் சான்று பெற்றவரையே அனுமதிக்கிறது. அந்தத் திறமைசாலியைத் தகுதித் தேர்வுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் சான்றிலுள்ள தேதியை நீங்களே பார்த்துவிட்டுக் குழாயிடம் அனுப்புங்கள்.