வலைக்கண்ணி மங்குகிறது, தூரத்துப் படகு தெரிகிறது

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகுத் தொழில், வயது 46. தூரத்தில் வரும் படகு பளிச்சென்று தெரிகிறது. கிழிந்த வலையைக் கட்ட உட்கார்ந்தால்தான் கண்ணி தெரியவில்லை. சந்தையில் விற்கும் கண்ணாடி போடலாமா? போட்டால் கண் அதற்கே பழகிவிடுமாமே?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வெள்ளெழுத்துதான். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணுக்குள் உள்ள லென்ஸ் குவிந்துகொடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் அது இறுகி, அவ்வளவு வளைந்துகொடுக்காது. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் சுமார் அறுபது வயது வரை பவர் கூடத்தான் செய்யும். ஆகவே பழகிவிடும் என்று பயந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார வேண்டாம்.

சந்தைக் கண்ணாடியால் கண் கெடாது. ஆனால் அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர். உங்கள் கண்கள் அப்படி இருக்க வேண்டுமே! ஒருமுறை பரிசோதித்து வாங்குவதே நல்லது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பரிசோதனையில் பெரும்பாலும் பேப்பர் படிக்கும் தூரத்துக்கு, சுமார் 40 செ.மீ.க்குத்தான் பவர் பார்ப்பார்கள். காலை நீட்டி உட்கார்ந்து வலை கட்டும்போது தூரம் அதைவிட அதிகம். படிக்கும் பவரோடு வலையைப் பார்த்தால் குனிந்து குனிந்து கழுத்துதான் வலிக்கும். கண்ணிலிருந்து வலை வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

படகில் ஏறி இறங்குபவர்களுக்கு பைஃபோகல் (மேலே தூரத்துக்கும் கீழே பக்கத்துக்கும் பவர் உள்ள கண்ணாடி) வேண்டாம் என்பேன். குனிந்து பார்த்தால் படகின் விளிம்பு மங்கும், கால் தவறும். வலைக்கென்று தனிக் கண்ணாடி, அதற்கு ஒரு கழுத்துக் கயிறு, போதும். கடலில் தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கூலிங் கிளாஸும் போடுங்கள். கருவிழிமேல் சதை படர்வதற்கு வெயில் முக்கியக் காரணம்.

வயதானவர்கள் சிலர், "இப்போ கண்ணாடி இல்லாமலே ஊசி கோர்க்கிறேன்" என்று சந்தோஷப்படுவார்கள். பெரும்பாலும் அது கண்புரையின் அறிகுறி. கூடவே தூரம் மங்கும், இரவில் எதிர் விளக்கு கூசும். அரசு மருத்துவமனைகளில் இதற்கு இலவசமாக லென்ஸ் வைத்து அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அவசரமில்லை என்று டாக்டர் சொன்னால், ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம். தொழிலும் கெடாது, கண்ணில் உப்புத்தண்ணீரும் படாது.

பரிசோதனைக்குப் போகும்போது கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்; அது கூடினால் பெரும்பாலும் வலியே இருக்காது. பவர் அடிக்கடி மாறினால் ரத்தச் சர்க்கரையும் பாருங்கள். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் தெறித்தாலோ, திரை விழுந்தாற்போல ஒரு பக்கம் மறைந்தாலோ, அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் நேரே கண் டாக்டரிடம் போங்கள்.