டவுன் பஸ்ஸில் போய் போர் விமானம் பார்க்கலாம்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். விமானப் பொறியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒரு விமான அருங்காட்சியகத்தையாவது நேரில் காட்ட ஆசை. கார் கிடையாது, லாட்ஜ் எடுத்துத் தங்கவும் கட்டுப்படியாகாது. ஒரே நாளில் போய்விட்டு வர முடியுமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: முடியும் சகோதரி, தாராளமாக முடியும். பெங்களூருக்குக் கூட்டிப் போங்கள், விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்ஏஎல்லின் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து மைசூருக்குப் போகும் எக்ஸ்பிரஸ் தினமும் இரவு மதுரையைத் தாண்டி, விடிகாலையில் பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் இறக்கிவிடும். அதே வண்டி திரும்பி வரும்போது ராத்திரி ஏறினால் காலையில் மதுரை. இரண்டு ராத்திரித் தூக்கமும் ரயிலிலேயே முடிந்துவிடுகிறது, ரூம் வாடகை மிச்சம். மதுரை வந்தே பாரத்தில் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல வண்டிதான், ஆனால் அது பெங்களூர் கண்டோன்மென்ட் போய்ச் சேர மதியம் ஆகிவிடும், பாதி நாள் போச்சு. 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும், போகிற டிக்கெட்டையும் வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் வந்தால் மாட்டுத்தாவணியில் இறங்கி, மறுபடி ஒரு டவுன் பஸ் பிடித்து ஜங்ஷனுக்கு வர வேண்டும். ராமேஸ்வரம் – மதுரை பாசஞ்சர் என்றால் நேரே ஜங்ஷனுக்குள்ளேயே கொண்டுவந்து விட்டுவிடும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

பெங்களூரில் இறங்கியதும் முதல் வேலையாகப் பையை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பையில் பூட்டு இருந்தால்தான் வாங்குவார்கள், வீட்டிலிருந்தே ஒரு சின்னப் பூட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் 335இ பஸ் ஏறி, 'எச்ஏஎல் மியூசியம்' என்று கண்டக்டரிடம் சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். பெரும்பாலும் தமிழ் புரியும். பழைய ஏர்போர்ட் ரோட்டில் நெரிசல் உண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

2001இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்தில் விமானத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டுவதில்லை. வெளியே புல்வெளியில் மிக்-21 போர் விமானம், கான்பெரா குண்டுவீச்சு விமானம், மாருத் போர் விமானம் எல்லாம் நிற்கின்றன, பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மிக்-21-இன் மூக்குப் பக்கம் மகளை நிறுத்துங்கள். காற்றை உள்ளே இழுக்கும் வட்ட வாயும் அதன் நடுவில் ஒரு கூம்பும் தெரியும். ஒலியைவிட வேகமாகப் பாய்ந்து வரும் காற்றை என்ஜினுக்குள் போகும் முன் அடக்குவது அந்தக் கூம்புதான். அப்புறம் பக்கவாட்டில் வந்து இறக்கையின் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள், இவ்வளவு மெல்லிசா என்று கேட்பாள். 1963இல் நம் விமானப்படைக்கு வந்த இந்த விமானத்துக்கு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை கொடுத்தார்கள்.

மாருத் அருகில் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரிலேயே உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த நம் முதல் போர் ஜெட் அது. உடம்பு ஒலி வேகத்தைத் தாண்டுவதற்காக வடிவமைக்கப்பட்டது, ஆனால் அதற்கேற்ற சக்தியுள்ள என்ஜின் கடைசி வரை கிடைக்கவில்லை. 1971 பாகிஸ்தான் போரில் ராஜஸ்தான் எல்லையிலுள்ள லோங்கேவாலா பகுதியில் நன்றாகவே வேலை செய்தது என்றாலும், நல்ல என்ஜின் மட்டும் கிடைத்திருந்தால் என்று எனக்கு இப்போதும் மனசு ஆறுவதில்லை. விமானப் பொறியியல் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது.

உள்ளே என்ஜின் கூடத்தை அவசரமாகக் கடந்து வந்துவிடாதீர்கள். உள்பாகம் தெரியும்படி வெட்டி வைத்த என்ஜின்களில் காற்று எங்கே நுழைகிறது, எங்கே அழுத்தப்படுகிறது, எங்கே எரிகிறது என்று விரல் வைத்தே தொடர்ந்து போகலாம். நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்ஐடியில் படித்துவிட்டு முதலில் பயிற்சிக்குப் போனது இதே எச்ஏஎல்லுக்குத்தான், என்ஜின்களைப் பிரித்து மாட்டும் வேலையை அங்கேதான் கற்றார். அதை மகளிடம் அந்தக் கூடத்திலேயே வைத்துச் சொல்லுங்கள்.

மதியத்துக்கு மேல் தெம்பு இருந்தால், ஆட்டோவில் இந்திரா நகர் மெட்ரோ வந்து கப்பன் பார்க் ஸ்டேஷனில் இறங்குங்கள். விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்களின் விமானத்தை அசல் அளவிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். திரும்ப சிட்டி ஸ்டேஷனுக்கும் அதே ஊதா வழித்தடம்தான், வண்டி மாற வேண்டாம். மகள் எச்ஏஎல்லை விட்டு வர மனசில்லாமல் நின்றால் இதை விட்டுவிடுங்கள். ஒரே நாளில் நாலு இடத்தைத் தொட்டுவிட்டு ஓடி வருவதைவிட ஒன்றை நிறைவாகப் பார்ப்பது மேல்.

கேள்வி: நான் உச்சிப்புளி. எங்கள் வீட்டுக்கு மேலேயே கடற்படை விமானமும் ஹெலிகாப்டரும் போகும். பருந்து தளத்துக்குள்ளே போய்ப் பார்க்க முடியுமா?
– ஒரு பிளஸ் ஒன் மாணவர்

பதில்: முடியாது தம்பி. ஐஎன்எஸ் பருந்து இயங்கிக்கொண்டிருக்கும் கடற்படைத் தளம், வேடிக்கை பார்க்கும் இடமில்லை. மதில் பக்கம் நின்று போட்டோ எடுப்பது, ட்ரோன் விடுவது எல்லாம் கூடவே கூடாது. உனக்குப் பக்கத்திலேயே பேய்க்கரும்பில் கலாம் தேசிய நினைவகம் இருக்கிறது, ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறினால் வாசலுக்கு அருகிலேயே இறங்கலாம். 2017 ஜூலை 27 அன்று திறந்தது. அங்கே ஏவுகணை மாதிரிகள் உண்டு. விமானப்படை விமானி தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து திரும்பியவர் அவர், அதை மனசில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்.

கேள்வி: ரயில் மாறாமல் போகக்கூடிய ஊர் ஏதாவது உண்டா? வயதாகிவிட்டது, மூட்டை தூக்கிக்கொண்டு வண்டி மாற முடியவில்லை.
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: விசாகப்பட்டினம் போங்கள் அய்யா. ராமேஸ்வரம் – புவனேஸ்வர் எக்ஸ்பிரஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஒரு சங்கடம், அது வாரத்துக்கு ஒரு நாள் வண்டி. அதனால் போவதற்கு அதை வைத்துக்கொண்டு, வரும்போது சென்னை வந்து எழும்பூரில் சேது எக்ஸ்பிரஸோ போட் மெயிலோ பிடிப்பதுதான் நடைமுறைக்குச் சரி. சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மட்டும் ஓர் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

விசாகப்பட்டினத்து ஆர்.கே. பீச்சில் டியு-142 விமானத்தையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். நம் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து கடலைக் கண்காணித்துப் பறந்த விமானம், 29 ஆண்டு சேவை முடித்து 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 50 மீட்டர். நாலு என்ஜின், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு விசிறி, அவை எதிரெதிர்த் திசையில் சுற்றும். உள்ளேயும் ஏறி நடக்கலாம், படி இருக்கும், மெதுவாக ஏறுங்கள். ரோட்டுக்கு எதிர்ப்புறத்திலேயே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். அதற்குள் வழி மிகக் குறுகல், குனிந்து குனிந்து போக வேண்டும், முழங்கால் வலி இருந்தால் வெளியிலிருந்து பார்த்தால் போதும். திங்கட்கிழமை இரண்டுமே விடுமுறை, மற்ற நாட்களில் மாலை நேரம் வசதி.

கேள்வி: உறவினர் கல்யாணத்துக்காக டெல்லி போகிறோம். அரை நாள் கிடைக்கும். பாலம் விமானப்படை அருங்காட்சியகம் போகலாமா?
– தொண்டி வாசகர்

பதில்: அவசியம் போங்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். திங்கள், செவ்வாய் மூடியிருக்கும், கல்யாணத் தேதியைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள். அங்கே போய் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் எங்கே என்று கேளுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கான்பூரில் பிரிட்டிஷ்காரர்கள் வேண்டுமென்றே சேதப்படுத்தி விட்டுப் போன விமானங்கள் அவை. அப்படியே பழைய இரும்பாகப் போயிருக்க வேண்டியவற்றை, எச்ஏஎல்லின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார், அங்கே சீர் செய்து நம் விமானப்படையில் சேர்த்தார்கள், 1968 வரை பறந்தன. அரை நாளில் வேறெதையும் பார்க்க நேரமில்லாவிட்டாலும் அதை விட்டுவிடாதீர்கள்.