கருமருந்து: மணி பெரிதா, பொடியா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர் கோல்ஃப் பந்து போட்டுச் சுடும் சிறு பீரங்கி ஒன்று வாங்கியிருக்கிறார். கடையில் 'மூன்று எஃப்' கருமருந்துதான் இருந்ததாம். 'பொடி மருந்து வீரியம் கூடியது, நல்லதுதானே?' என்கிறார். போடலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: போடக் கூடாது. டின்னைத் திறக்காமலே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று எஃப்பிலும் ஒரு எஃப்பிலும் இருப்பது ஒரே சரக்கு: நூற்றுக்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைத்திரேற்று) 75, கரி 15, கந்தகம் 10. வித்தியாசம் மணியின் பருமனில்தான். அமெரிக்க முறையில் எஃப் கூடக்கூட மணி சிறுக்கும். ஒரு எஃப் சுமார் 1.2 முதல் 1.7 மில்லிமீற்றர், இரண்டு எஃப் 0.6 முதல் 1.2, மூன்று எஃப் 0.3 முதல் 0.85, நான்கு எஃப் 0.15 முதல் 0.4. ஒரு எஃப்பை விடப் பருமனானது 'கனன்' என்ற பெயரில் தனியாக விற்பனையாகிறது.

கருமருந்து மணி மேற்பரப்பிலிருந்து உள்நோக்கித்தான் எரியும். அதனால் மணி சிறுத்தால், அதே எடைக்கு எரியும் பரப்பு கூடும். ஒரு எஃப்பையும் மூன்று எஃப்பையும் ஒப்பிட்டால் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வாயு அந்த வேகத்தில் கிளம்பும். அமுக்கமும் அதற்கேற்ப எகிறும்.

சிறு துவக்கில் இதைச் சமாளிக்கலாம், ஏனென்றால் குண்டு இலேசானது, சட்டென்று நகர்ந்து வாயுவுக்கு இடம் விட்டுவிடும். பீரங்கியில் கதை வேறு. குழலின் விட்டம் இரண்டு மடங்கானால் குண்டைத் தள்ளும் பரப்பு நான்கு மடங்காகும். அதே உலோகத்தில் வார்த்த குண்டின் எடையோ எட்டு மடங்காகிவிடும். ஆக, குழல் பெருக்கப் பெருக்கக் குண்டு மந்தமாகவே அசையும். அது அசையுமுன் மருந்து எரிந்து தீர்ந்தால், முழு அமுக்கத்தையும் தாங்குவது பீரங்கியின் பின்பகுதிதான். அமெரிக்கப் படையின் தோமஸ் ரொட்மன் பெரும் பீரங்கிகளுக்கென்று மிகப் பருமனான மணிகளையும், பிறகு துளையிட்ட கட்டிகளையும் 1860களை ஒட்டி உருவாக்கியது இந்தக் காரணத்தால்தான்.

உங்கள் மைத்துனரின் பீரங்கிக்கு ஒரு எஃப் அல்லது கனன். அதைவிடப் பொடியானது எதுவும் வேண்டாம். எவ்வளவு மருந்து என்பதைச் செய்தவர் தந்த அட்டவணையில் பார்க்க வேண்டும். அட்டவணை இல்லாத பீரங்கியை அலுமாரிக்கு மேல் அழகுக்கு வைக்கலாம். இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: மருந்து இருக்கும் இடத்தில் சுவரின் தடிப்பு, குழலின் உள்விட்டத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு என்றால் உள்ளே மூட்டில்லாத உருக்குக் குழாய் செருகியிருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயில் செய்ததற்கு எந்த மணியும் பாதுகாப்பில்லை.

வெடிக்காமல் போனால் வாய்ப்பக்கம் போய் எட்டிப் பார்ப்பதுதான் பலரைக் கொன்ற பழக்கம். பீரங்கியைத் திருப்பாமல், குறைந்தது பத்து நிமிடம் ஒதுங்கி நின்று, பிறகு பக்கவாட்டில் நின்று தீத்துளையில் தண்ணீர் விட வேண்டும். ஒவ்வொரு வேட்டுக்கும் பிறகு ஈரத் துடைப்பான், அடுத்து உலர்ந்த துடைப்பான். உள்ளே கங்கு மிஞ்சியிருந்தால், அடுத்த மருந்தைத் தள்ளுகிறவரின் கை போய்விடும்.

கேள்வி: மகன் இங்கிலாந்தில் வாய்வழி நிரப்பும் துவக்குக் கழகமொன்றில் சேர்ந்திருக்கிறான். .50 ரைஃபிள், .36 ரிவோல்வர், பழைய 19 மில்லிமீற்றர் தீக்கல் மஸ்கெட் மூன்றும் அங்கே சுடுவார்களாம். ஒரே டின் போதாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: .45 (குழலின் விட்டம், அங்குலத்தில்) முதல் மேலே உள்ள ரைஃபிள்களுக்கு இரண்டு எஃப், அதற்குக் கீழேயும் கைத்துவக்குகளுக்கும் மூன்று எஃப், பெரிய மஸ்கெட்டுக்கு ஒரு எஃப் அல்லது இரண்டு எஃப் என்பது பொதுவான வழக்கம். நான்கு எஃப் தீக்கல் துவக்கின் கிண்ணியில் தீப்பற்ற வைக்க மட்டும், குழலுக்குள் போடுவதில்லை. ஒரே டின் வாங்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு எஃப் வாங்கட்டும். ரிவோல்வரில் கொஞ்சம் மந்தமாக எரிந்து கரி அதிகம் படியும், அவ்வளவுதான். இரண்டு எஃப்புக்குச் சொன்ன அளவை மூன்று எஃப்பில் போடுவதானால் 10 முதல் 15 வீதம் குறைக்க வேண்டும்.

ஐரோப்பாவில் ஒரு குழப்பம் உண்டு. சுவிஸ் மருந்தின் எண்கள் தலைகீழ்: எண் 1தான் மிகப் பொடி, நான்கு எஃப்புக்குச் சமம், எண் 2 மூன்று எஃப், எண் 3 இரண்டு எஃப், எண் 5 ஒரு எஃப். எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வார்.

அளவு 'கிரெய்ன்' கணக்கில் வரும். 100 கிரெய்ன் ஏறத்தாழ 6.5 கிராம். டின்னிலிருந்து நேரே குழலில் கொட்டக் கூடாது. அளவியில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும், உள்ளே கங்கு இருந்தால் தீ டின்னுக்கே ஏறும். குண்டு மருந்தின் மேல் முட்டி உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் குழல் அந்த இடத்தில் வீங்கும், வெடிக்கவும் கூடும். குண்டைத் தள்ளும் கோலில் அடையாளம் வெட்டி வைத்தால் ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கலாம். எரிந்ததில் பாதிக்கு மேல் திண்மக் கழிவாகும்; ஒரு பகுதி புகையாய் வெளியேற, மிச்சம் உள்ளே தங்கும். அது ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவைக் கிளப்பும். அன்றைக்கே சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசட்டும். அங்கே பொலிஸ் தரும் வெடிபொருள் சான்றிதழ் இல்லாமல் மருந்து வாங்க முடியாது என்பதையும் ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி: ஊரில் சிலர் 12 போர் தோட்டாவை உடைத்து, அந்த மருந்தை இடியன் துவக்கில் (வாய்வழி நிரப்பும் நாட்டுத் துவக்கு) போடுகிறார்கள். பட்டாசு மருந்தும் போடுவார்களாம். அளவைக் குறைத்தால் பரவாயில்லையா?
– வாசகர், தெஹிவளை

பதில்: குறைத்தாலும் கூடாது. தோட்டாவில் இருப்பது புகையற்ற மருந்து, நைத்திரோசெல்லுலோசு. அதன் அமுக்கம் கருமருந்துக் குழல் தாங்குவதையெல்லாம் தாண்டும். பட்டாசு மருந்தில் அலுமினியத் தூள் கலந்த வகை உண்டு. அது எரியும் வேகத்தில் குழலையே பிளந்துவிடும். உரிமமில்லாத இடியனே 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் குற்றம். மருந்துக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் தனி.

கேள்வி: பழைய பெட்டகத்தில் கட்டிபட்ட கருமருந்து டின் ஒன்று கிடைத்தது. ஈரத்தில் செத்துப் போயிருக்கும்தானே?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: சாகவில்லை. ஈரம் காய்ந்ததும் மறுபடி தீப்பற்றும். உடைக்க வேண்டாம், கரண்டியால் கிண்ட வேண்டாம், கானில் கொட்ட வேண்டாம், பஸ்ஸில் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போகவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, 119க்கு அழையுங்கள்.